குமிழி என்பது வால்வா? கொடும்பாளூரிலிருந்து ஒரு திருத்தம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குமிழித் தூம்பைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழர்கள் ஏரிகளில் பிஸ்டன் வால்வு வைத்திருந்தார்கள், அது தானாகவே சேற்றையும் வெளியேற்றிவிடும் என்பது அதன் சாரம். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதுதான். அதில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று 'பிஸ்டன்'. இன்னொன்று 'தானாகவே'. முதலாவது, பி.இ. மெக்கானிக்கல் படித்தவன் செய்யக்கூடாத தப்பு. இரண்டாவது, கண்மாய்ப் பாசனத்து ஊரில் பிறந்தவன் செய்யக்கூடாதது. படிப்பு மெக்கானிக்கல், பிழைப்பு சாஃப்ட்வேர் என்று ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதை ஒரு சமாதானமாகச் சொல்லலாம். ஆனால் அது சமாதானம்தான், காரணம் இல்லை.

திருத்தம் தொடங்கிய இடம் கொடும்பாளூர். திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் விராலிமலை தாண்டி வரும் ஊர். எல்லோரையும் போல நானும் மூவர் கோயில் பார்க்கத்தான் போனேன். இருக்குவேள் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்று, கற்றளி, வரகுணை என்ற தன் இரு மனைவியர் பெயரில் இரண்டு என மூன்று விமானங்கள் எடுப்பித்தான். இன்று இரண்டுதான் முழுதாக நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். நடு விமானத்துச் சுவரில் உள்ள வடமொழிக் கல்வெட்டு அவனுடைய முன்னோர் வரிசையைச் சொல்லிவிட்டு, மதுரையிலிருந்து வந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு ஒரு மடம் கொடுத்ததையும், ஐம்பது துறவிகளின் உணவுக்காகப் பதினோரு ஊர்களை எழுதிவைத்ததையும் சொல்கிறது.

ஐம்பது பேருக்குச் சோறு. அதற்கு நெல் வேண்டும், நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். வற்றாத ஆறு எதுவும் இல்லாத சீமை இது. மழைத் தண்ணீரைக் கரை கட்டித் தேக்கினால்தான் உண்டு. சிலப்பதிகாரத்திலேயே கொடும்பை என்ற பேரோடு கூடவே அதன் பெரிய குளமும் வந்துவிடுகிறது. மதுரைக்குப் போகும் கோவலனுக்கு வழி சொல்பவர், அந்தக் குளக்கரைக்குப் போனால் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறார். ஊருக்கு அடையாளமே குளம்தான்.

கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நின்றதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். கோடைக்காலம், தண்ணீர் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, குமிழித் தூம்பு இதுதானே?" என்று கேட்டேன். அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை.

"மடைக்கல்லைக் கேக்குறீங்களா தம்பி? அதோ நிக்கிது."

"இதுலயே சேறும் தானா வெளிய போயிருமாமே?"

அவர் சிரித்துவிட்டார். "தானாப் போயிருமா? அப்ப எங்கப்பன் காலத்துல வண்டி கட்டி வண்டல் அள்ளுனது என்னத்துக்காம்?"

பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்துதான் முதலிலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன்.

பொருள் என்ன, எப்படி வேலை செய்கிறது

முதலில் அமைப்பு. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கண்மாயின் தரை மட்டத்தில் கல்லால் ஒரு தொட்டி. அதன் மேல் ஒரு பலகைக் கல், அதில் வட்டமாக ஒரு துளை. தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஒரு கால்வாய் போய் வெளிப்பக்கம் வயல் வாய்க்காலில் திறக்கும். துளையின் இரு பக்கமும் உயரமான இரண்டு கல்தூண்கள். தூண்களுக்குக் குறுக்கே கல்சட்டங்கள், அவற்றிலும் துளை. மேலிருந்து ஒரு நீளமான கழி அந்தச் சட்டத்துத் துளைகள் வழியாக இறங்கும். கழியின் அடியில் கூம்பு வடிவில் ஒரு மர அடைப்பான். கழியைத் தூக்கினால் தண்ணீர் துளைக்குள் இறங்கும். இறக்கினால் அடைபடும். குறுக்குச் சட்டத்தின் வேலை, கழி சாய்ந்துவிடாமல் நேராக இறங்க வைப்பது.

இதை வால்வு என்று சொல்லலாமா?

வால்வு என்ற சொல்லை நாம் எல்லோரும் தினமும் பயன்படுத்துகிறோம். சைக்கிள் ஓட்டியவர்களுக்கு 'வால் டியூப்பு' தெரியும். கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு 'புட் வால்' தெரியும். தண்ணீர்த் தொட்டி இருக்கும் வீட்டில் 'கேட் வால்' இருக்கும். பள்ளிக்கூடத்தில் இதயப் பாடத்தில் ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு படித்திருப்போம். இவை எல்லாவற்றுக்கும் பொது என்ன? ஓடுகிற ஒன்று இருக்கிறது, தண்ணீரோ காற்றோ ரத்தமோ. அது போகும் வழியில் ஒரு வாய் இருக்கிறது. அந்த வாயில் வந்து உட்காரவும் விலகவும் கூடிய ஒரு பாகம் இருக்கிறது. அது உட்கார்ந்தால் ஓட்டம் நிற்கும், விலகினால் ஓடும். இதுதான் வால்வு. இஞ்சினியரிங் பாடத்தில் அந்த வாயின் விளிம்புக்கு 'சீட்' என்றே பெயர். உட்காரும் இடம்.

வால்வுகள் செய்யும் வேலை மூன்று வகை. முழுசாகத் திறந்து மூடுவது, கேட் வால்வு மாதிரி. ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பது, குளோப் வால்வு மாதிரி. ஒரு பக்கம் மட்டும் போக விட்டுத் திரும்பி வராமல் தடுப்பது, சைக்கிள் வால் டியூப்பு மாதிரி. கண்மாய் மடையில் கூம்பு அடைப்பான் துளையின் விளிம்பில் உட்காருகிறது. முழுசாகவும் தூக்கலாம், நாலு விரல்கடை தூக்கி அளவாகவும் விடலாம். முதல் இரண்டு வேலைகளையும் அது செய்கிறது. ஆகவே வால்வுதான், சந்தேகம் இல்லை. இன்றைய உருப்படிகளில் குளோப் வால்வுக்கு இது நெருங்கிய சொந்தம். அதிலும் தண்டு மேலே கீழே போகும், அதன் நுனியில் இருப்பது வாயில் போய் உட்காரும்.

பிஸ்டன் என்று சொன்னதுதான் தப்பு. பிஸ்டன் ஒரு உருளைக்குள், சுவரோடு ஒட்டியபடி முன்னும் பின்னும் போகும். ஒன்று அது திரவத்தைத் தள்ளும், அல்லது திரவம் அதைத் தள்ளும். மடையில் உருளையும் இல்லை, தள்ளும் வேலையும் இல்லை. நேராக மேலே கீழே போகிற எதையும் பிஸ்டன் என்று சொல்வது, சுற்றுகிற எதையும் மோட்டார் என்று சொல்வது போலத்தான்.

ஒரு கணக்கு

சொல்லைச் சரிபார்த்தாயிற்று. பொருளையும் சரிபார்க்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். கண்மாயில் 3 மீட்டர் தண்ணீர் நிற்கிறது, துளையின் விட்டம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இவை நான் எடுத்துக்கொண்ட அளவுகள். உங்கள் ஊர் மடைக்கு அளவை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

துளையின் பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 300 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் 53 லிட்டர். அதாவது 53 கிலோ. மூடியிருக்கும் அடைப்பானை மேலிருந்து 53 கிலோ அழுத்திக்கொண்டிருக்கிறது. கீழே கால்வாய் காலி. ஆகவே தண்ணீரே தன் வாயைத் தானே மூடிக்கொள்கிறது. தண்ணீர் ஏற ஏற இன்னும் இறுக்கமாக மூடும். அடைப்பான் கூம்பாக இருப்பதால் கொஞ்சம் விலகி இறங்கினாலும் நழுவி நடுவில் வந்து உட்காரும். இப்படிப்பட்ட வால்வில் கோளாறு வந்தால் அது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே நிற்கும். கழி மேலே ஒடிந்துபோனாலும் கண்மாய் காலியாகாது. நம்முடைய தொழிலில் இதைப் 'பழுதானாலும் பாதுகாப்பான பக்கம் நிற்பது' என்போம். எவ்வளவு யோசித்தும் நான் எழுதிய பல புரோகிராம்களுக்கு அந்தக் குணம் வந்ததில்லை.

தூக்குவதில்தான் கஷ்டம். முதல் அசைவுக்கு அந்த 53 கிலோவோடு கழியின் கனத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஒருமுறை இடைவெளி விழுந்துவிட்டால் பாரம் குறைந்துவிடும். துளையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பாரம் நாலு மடங்கு, 212 கிலோ. ஒரு ஆளால் ஆகாது. ஒரே பெரிய துளைக்குப் பதில் சின்னச் சின்னத் துளைகளாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

திறந்தால் எவ்வளவு வரும்? அதே அளவுகளில், பாடப்புத்தகத்துச் சூத்திரப்படி நொடிக்கு ஏறத்தாழ 80 லிட்டர். ஒரு மணி நேரம் ஓடினால், வழியில் கசிவதைக் கணக்கில் எடுக்காமல், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். விரல்கடை அளவில் தூக்குவதும் இறக்குவதும் எத்தனை வயலின் கதி என்று யோசித்துப் பாருங்கள். மடைக்காரர் என்ற ஆள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அந்த 80 லிட்டரில் இருக்கிறது.

கதவா, குமிழா?

இப்போது சொல்லுக்கு வருவோம். ஆங்கில வால்வு லத்தீனின் 'வால்வா'விலிருந்து வந்தது. அதற்கு மடிப்புக் கதவின் ஒரு இலை என்று பொருள். திறந்து மூடுவதால் கதவு. தமிழிலும் அதே யோசனை ஓடியிருக்கிறது. 'புதவு' என்ற பழைய சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் வாயில், கதவு என்பதோடு மதகு என்றும் பொருள் இருக்கும். ரோமுக்கும் நமக்கும் ஒரே உவமைதான் தோன்றியிருக்கிறது.

'தூம்பு' வேறு வழியில் வந்தது. உள்ளே துளையுள்ள குழாய்க்குத் தூம்பு என்று பெயர். மூங்கில் குழாயும் தூம்பு, ஊதுகிற இசைக்கருவி ஒன்றும் தூம்பு. அந்த வகையில் பார்த்தால் கரைக்கு அடியில் போகும் கால்வாய்தான் தூம்பு. 'குமிழி' என்றால் தண்ணீரில் எழும் மொட்டு. 'குமிழ்' என்றால் உருண்டையான முனை. மரப்பாதக்குறட்டில் கால்விரலுக்கு இடையில் நிற்குமே, அதுவும் குமிழ்தான். மடைக்குக் குமிழி என்ற பெயர், தண்ணீர் இறங்கும்போது எழும் குமிழியால் வந்ததா, கழியின் அடியில் இருக்கும் குமிழால் வந்ததா? இரண்டுக்கும் வாதம் உண்டு. என் மனசு இரண்டாவது பக்கம் சாய்கிறது. தூம்பு என்பது குழாய், குமிழி என்பது அதன் வாயடைப்பு என்று கொண்டால் 'குமிழித் தூம்பு' என்ற சொல்லே ஒரு பொறியியல் வர்ணனையாகிவிடும்: வால்வு வைத்த குழாய்.

வெள்ளைக்கார இஞ்சினியர்கள் நம் சொற்களை எடுத்துக்கொண்டதும் உண்டு. அணைக்கட்டு அவர்கள் வாயில் 'அணிகட்' ஆயிற்று. மிகை நீர் வழியும் கலிங்கு 'கலிங்குலா' ஆகி மெட்ராஸ் ராஜதானியின் பொதுப்பணித்துறைத் தாள்களில் ஏறியது. குமிழிக்கு அந்த யோகம் இல்லை. 'ஸ்லூஸ்' என்ற சொல் அவர்களிடம் முன்பே இருந்தது.

ஈழத்தில் இதே குழப்பம்

கொடும்பாளூர்க்காரர்களுக்கும் ஈழத்துக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு. சுந்தர சோழனின் 9-ம் ஆட்சியாண்டில் ஈழத்துப் போரில் இறந்த பராந்தகன் சிறியவேளான் கொடும்பாளூர் வேளிர் குலத்தவன். அவன் போரிடப் போன அந்த நாட்டில் பெரும் ஏரிகள் அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தன. அவற்றின் மடைகளில் 'பிசோகொட்டுவ' என்றொரு அமைப்பு உண்டு. கரைக்குள் செங்குத்தாக இறங்கும் செவ்வகக் கிணறு. 'அரசியின் அடைப்பு' என்பது சொல்லின் நேர்ப்பொருள். 'நீர் இறங்கும் அடைப்பு' என்றும் விளக்குவார்கள். பாருங்கள், அங்கேயும் பேரில் தகராறு.

இலங்கை நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்த ஹென்றி பார்க்கர் 1909-ல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' பற்றிய நூலில் இந்தக் கிணறுகளை ஐரோப்பிய நீர்த்தேக்கங்களில் இருக்கும் வால்வுக் கோபுரங்களோடும் வால்வுக் குழிகளோடும் ஒப்பிட்டார். ஐரோப்பாவில் அவை 19-ம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவின, இங்கே இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தன என்பது அவர் வாதம். கவனியுங்கள், அவர் பெருமை கொடுத்தது வால்வு இருக்கும் குழிக்கு. வால்வுக்கு அல்ல. அந்தச் சின்ன வித்தியாசம் பிறகு வந்த பல கட்டுரைகளில் காணாமல் போய், 'உலகின் முதல் வால்வு' என்று ஆகிவிட்டது.

முதல் வால்வு எது என்று தேடுவதில் பலனும் இல்லை. கி.மு. 3-ம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தெசிபியஸ் செய்த தண்ணீர்ப் பம்பில் வால்வுகள் இருந்ததை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். நம் ஊர்க் கொல்லர்களின் தோல் துருத்தியில் காற்று புகும் வாயைக் கையால் திறந்து மூடுவதும் வால்வு வேலைதான். மனிதர்கள் ஓடுகிற ஒன்றை அடக்க நினைத்த இடமெல்லாம் வால்வு பிறந்திருக்கிறது.

சேறு யார் அள்ளினார்கள்?

இப்போது இரண்டாவது தப்பு. இதுதான் எனக்கு உறுத்துகிறது.

குமிழித் தூம்பில் மேலே இருப்பது நீரோடித் துளை, கீழே இருப்பவை சேறோடித் துளைகள், கீழ்த்துளைகள் வழியாகச் சேறு தானாக வெளியேறும், அதனால் தூர் வாரவே தேவையில்லை என்று ஒரு விளக்கம் இணையத்தில் பல வருஷமாகச் சுற்றுகிறது. நானும் அதைத்தான் எழுதியிருந்தேன். கீழ்த்துளையில் கலங்கல் தண்ணீர் போகும் என்பது உண்மை. அந்த வண்டல் வயலுக்கு உரம் என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு தூரத்துச் சேறு வரும்? தண்ணீரின் வேகம் துளைக்குப் பக்கத்தில்தான் அதிகம். நாலடி தள்ளிப் போனாலே குறைந்துவிடும். நிறைந்து நிற்கும் நீர்த்தேக்கத்தில் அடிமதகைத் திறந்தால் வாய்க்கு முன்னால் புனல் மாதிரி ஒரு பள்ளம் விழும், அவ்வளவுதான். இன்றைய பெரிய அணைகளிலும் இதே கதைதான். மடைவாய் அடைபடாமல் காப்பாற்ற அந்தப் பள்ளம் போதும். நூறு ஏக்கர் கண்மாயைத் தூர் வார அது போதாது.

இதற்குக் கல்வெட்டிலேயே சாட்சி உண்டு. ஏரியில் ஓடம் விட்டு மண் எடுத்துக் கரையில் போடுவதற்கென்று நிலமும் பொன்னும் எழுதிவைத்த சோழர் காலத் தானங்கள் தொண்டை மண்டலத்தில் இருக்கின்றன. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியை எழுதுகின்றன. சேறு தானாகப் போயிருந்தால் ஓடம் எதற்கு? வாரியம் எதற்கு? கல்லைச் செதுக்கிய அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரிந்திருக்கிறது, கல் மட்டும் போதாது என்று. அதற்கு வருஷா வருஷம் கூலி வேண்டும், கூலிக்கு நிலம் வேண்டும், நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சபை வேண்டும்.

'தானாகவே' என்று நான் எழுதிய ஒரு சொல்லில் அத்தனை பேரையும் துடைத்துவிட்டேன். ஓடம் ஓட்டியவர், கூடை சுமந்தவர், கழுத்தளவு தண்ணீரில் இறங்கி 53 கிலோவை அசைத்த மடைக்காரர், வண்டி கட்டி வண்டல் அள்ளிய அந்தப் பெரியவரின் அப்பா. முன்னோர் பெருமை பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு முன்னோரில் பாதிப் பேரின் உழைப்பை ஒரு கல்லின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இன்னொரு கெடுதலும் உண்டு. தானாக இயங்கிய ஒன்று இன்று இயங்கவில்லை என்றால் 'ரகசியம் தொலைந்துவிட்டது' என்று பெருமூச்சு விடலாம். வேலை செய்து இயங்கிய ஒன்று இன்று இயங்கவில்லை என்றால், வேலை நின்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ரகசியம் எதுவும் தொலையவில்லை.

ஆகவே திருத்தம் இதுதான். குமிழி ஒரு வால்வு, நல்ல வால்வு. பிஸ்டன் அல்ல. அது தன் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், கண்மாயைச் சுத்தம் செய்யாது. கண்மாயைச் சுத்தம் செய்தவர்கள் மனிதர்கள். பழைய குறிப்பை நான் அழிக்கவில்லை. அதன் தலையில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். திருகு ஷட்டர் வைக்கும்போது பழைய மடைத்தூண்களைப் பிடுங்கிக் கரையோரம் போட்டுவிடுகிறார்கள். தூணிலோ சட்டத்திலோ எழுத்து இருக்கலாம், மடையைச் செய்வித்தவரின் பெயர் இருக்கலாம். உங்கள் ஊர்க் கண்மாயில் இப்படிக் கல் நின்றால் போட்டோ எடுங்கள், துளையின் விட்டத்தை ஒரு டேப் வைத்து அளங்கள். அப்படியே பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் அதற்கு உங்கள் ஊரில் என்ன பேர், கடைசியாக அதைத் திறந்து மூடியவர் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கொடும்பாளூர்ப் பக்கம் அதன் பேர் மடைக்கல். அந்த ஊரில் கடைசி மடைக்காரர் யார் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. அடுத்த முறை போகும்போது முதல் கேள்வி அதுதான்.